வெள்ளை எனும் கூலி

கூலி என்றால் என்ன? ஆலை வாயிலில் நின்று கேட்டால் ஆயிரம் பேர் விடை சொல்வர். உழைத்த உழைப்புக்குக் கிடைப்பது கூலி. அதைக் கொண்டு அரிசி வாங்கலாம். பிள்ளைக்குச் சட்டை தைக்கலாம். வாடகை பாக்கியைத் தீர்க்கலாம். மிச்சம் இருந்தால் — இருப்பதில்லை, இருந்தால் — பெற்றவளுக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுக்கலாம்.

ஆனால் தோழர்களே, அரிசிக் கடையில் செல்லாத கூலி ஒன்று உண்டு. துணிக் கடையில் நீட்டினால் வாங்க மாட்டார்கள். பையில் போட்டால் கனக்காது. எண்ணினால் கணக்கில் நிற்காது. எனினும், அந்தக் கூலியை வாங்கிக்கொண்டு உண்மைக் கூலியை விட்டுக் கொடுத்தனர் லட்சக்கணக்கான பாட்டாளிகள். அதைக் காப்பாற்றிக் கொள்ள, தம்மைப் போலவே உழைத்துத் தம்மைப் போலவே இளைத்த இன்னொரு பாட்டாளியின் குடிசைக்குத் தீயிட்டனர்.

கட்டுக்கதை அல்ல, அமெரிக்க நாட்டு வரலாறு. அந்தக் கூலியின் பெயர் — வெள்ளை!

வெள்ளை ஒரு நிறமன்றோ, அது எப்படிக் கூலியாகும் என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்டு, விடை தேடி, ஏட்டிலும் நாட்டிலும் எழுபது ஆண்டு உழைத்த ஒரு பேரறிஞரின் வாழ்க்கையைத்தான் இன்று நாம் சொல்ல வந்தோம். டபிள்யூ. இ. பி. டுபாய்ஸ் என்பது அவர் பெயர். கறுப்பர். அடிமைகளின் வழிவந்தவர். அவர் மறைந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அவர் போட்டுக் காட்டிய கணக்கு மட்டும் இன்னும் மறையவில்லை.

1868ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள், மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கிரேட் பாரிங்டன் என்னும் சிற்றூரில் பிறந்தார் டுபாய்ஸ். அமெரிக்காவில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்து அப்போது மூன்று ஆண்டுகூட நிறையவில்லை. தந்தை, மகன் தவழும் பருவத்திலேயே பிரிந்து போனார். தாய் வீட்டு வேலை செய்து பிள்ளையை வளர்த்தார். ஊரில் கறுப்பர் மிகச் சிலரே. பள்ளியில் வெள்ளைப் பிள்ளைகளோடு ஒன்றாக அமர்ந்தான் சிறுவன், ஒன்றாக ஓடினான், பாடத்தில் அவர்களை முந்தினான்.

ஒரு நாள் பிள்ளைகள் ஒரு விளையாட்டு விளையாடினர். அழகிய சிறு அட்டைகள் வாங்கி, ஒருவருக்கொருவர் கொடுத்து மாற்றிக் கொள்வது. எல்லோரும் வாங்கினர், எல்லோரும் கொடுத்தனர். புதிதாக வந்த ஒரு பெண் மட்டும், சிறுவன் டுபாய்ஸ் நீட்டிய அட்டையை வாங்க மறுத்தாள். திட்டவில்லை, தள்ளவில்லை, ஒரு பார்வை — அவ்வளவுதான்! தனக்கும் மற்றவர்க்கும் இடையே ஒரு திரை தொங்குவதைச் சிறுவன் அன்று கண்டான். அந்தத் திரை எதனால் நெய்தது, நெய்தவர் யார், நெய்ததால் ஆதாயம் யாருக்கு? இதைத் துருவி அறிவதே பின்னர் அவருடைய வாழ்வாயிற்று.

ஊரார் பொருள் திரட்டித் தந்தனர். 1885இல் தெற்கே, நாஷ்வில் நகரத்து பிஸ்க் பல்கலைக்கழகம் சென்றார். விடுமுறைக் காலத்தில் டென்னசி மலைப்பக்கத்துச் சிற்றூர்களில் ஏழைக் கறுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார். பிறகு ஹார்வர்டு, அதன் பிறகு ஜெர்மனி சென்று பெர்லின் பல்கலைக்கழகம். 1895இல் ஹார்வர்டு அவருக்கு டாக்டர் பட்டம் அளித்தது. அங்கே அந்தப் பட்டம் பெற்ற முதல் கறுப்பர் அவர்தான். அடிமை வாணிபத்தை அமெரிக்கா எப்படித் தடை செய்தது, தடை செய்த பிறகும் எப்படி நடத்தியது என்பதே அவர் எழுதிய ஆய்வு.

பிலடெல்பியா நகரம் அவரை அழைத்தது. கறுப்பர் வாழும் பகுதியில் வறுமை ஏன், குற்றம் ஏன் என்று ஆராய்ந்து சொல்லச் சொன்னது. வகுப்பில் பாடம் நடத்த இடம் தரவில்லை. சேரியில் ஆராய மட்டும் இடம் தந்தது! அவர் முகம் சுளிக்கவில்லை. படி ஏறினார், இறங்கினார். ஏறத்தாழ 2,500 வீடுகளின் கதவைத் தட்டினார். யார் என்ன வேலை செய்கிறார், என்ன வாடகை தருகிறார், யார் படித்தார், யார் ஏன் படிக்கவில்லை என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்தார். 1899இல் அது பெரிய நூலாக வெளிவந்தது. விடை என்ன? குற்றம் குருதியில் இல்லை. தச்சு வேலை தெரிந்த கறுப்பனைத் தொழிற்சங்கம் சேர்க்காது. சங்கத்தில் சேராதவனை முதலாளி அமர்த்த மாட்டான். கதவுகள் எல்லாவற்றையும் சாத்திவிட்டு, உள்ளே ஏன் வரவில்லை என்று கேட்கிறது ஊர். இதை எண்ணும் எழுத்துமாக எடுத்து வைத்தார் டுபாய்ஸ்.

அந்நாளில் அவருக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. வெள்ளையர் கொடுமை செய்வது அறியாமையால். அறிவைக் கொடுத்தால் கொடுமை அகலும் என்பது அந்த நம்பிக்கை. நல்ல நம்பிக்கைதான்! ஆனால் ஒரு நாள் அது தெருவில் விழுந்து உடைந்தது.

1897 முதல் ஜார்ஜியா மாநிலத்து அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் அவர் ஆசிரியர். 1899 ஏப்ரல் மாதம், சாம் ஹோஸ் என்னும் கறுப்புத் தொழிலாளியை வழக்கு இல்லாமல், விசாரணை இல்லாமல், கூட்டம் கூடி உயிரோடு எரித்தது. உண்மையை எடுத்துரைத்து நிதானமாக ஒரு மடல் எழுதிக்கொண்டு, பத்திரிகை அலுவலகம் நோக்கி நடந்தார் டுபாய்ஸ். வழியில் செய்தி கேட்டார். எரிந்தவனின் விரல் முட்டி எலும்புகள், அதே தெருவில் ஒரு மளிகைக் கடையில் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கின்றனவாம்! மளிகைக் கடையில், தோழர்களே! மாவும் சர்க்கரையும் விற்கும் இடத்தில்! வந்த வழியே திரும்பினார். அறிவு மட்டும் போதாது என்று அன்று அறிந்தார்.

அடுத்த மாதமே அவருடைய ஒரே மகன், இரண்டு வயதும் நிரம்பாத குழந்தை, தொண்டை அடைப்பான் நோயால் இறந்தான். ஜார்ஜியாவின் செம்மண்ணில் பிள்ளையைப் புதைக்கப் பெற்றோர்க்கு மனமில்லை. வடக்கே, தாம் பிறந்த ஊருக்கு எடுத்துச் சென்று அடக்கம் செய்தார் தந்தை.

அதன் பிறகு அவர் பேனா வேறு விதமாக எழுதிற்று. 1903இல் கறுப்பு மக்களின் உள்ளத்தை உலகுக்குக் காட்டிய நூல் வந்தது. வாக்குரிமையை இப்போது கேட்க வேண்டாம், கைத்தொழில் கற்றுப் பொறுத்திருப்போம் என்று உரைத்து வந்த புக்கர் டி. வாஷிங்டன் அந்நாளில் கறுப்பர்க்குப் பெருந்தலைவர். வெள்ளைச் செல்வர்கள் அவரைப் போற்றினர். அவரை மரியாதையோடு, ஆனால் மழுப்பாமல் மறுத்தார் டுபாய்ஸ். பொறுமை வேறு, பணிதல் வேறு என்பது அவர் கட்சி. 1905இல் நயாகரா இயக்கம் கண்டார். 1906இல் அட்லாண்டாவில் வெள்ளைக் கும்பல் கறுப்பரை வேட்டையாடியபோது, வெளியூரிலிருந்து விரைந்து திரும்பி, துப்பாக்கியோடு தம் வீட்டு வாயிலில் காவல் இருந்தார் அந்தப் பேராசிரியர். 1909இல் கறுப்பர் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கம் தோன்ற உடனிருந்தார். 1910இல் அதன் ஏடான கிரைசிஸ் இதழைத் தொடங்கினார். முதல் இதழ் அச்சானது 1,000 படிகள். பத்தாண்டுக்குள் ஒரு லட்சத்தை எட்டியது! சமையற்கட்டில் பணிபுரியும் பெண்ணும் ரயில் பெட்டியில் படுக்கை விரிக்கும் தொழிலாளியும் காசு சேர்த்து வாங்கிப் படித்த ஏடு அது. ஏடு நடத்துவது எத்தகைய பாடு என்பதை அறிந்தவர் நாம். ஆகவே அந்த ஒரு லட்சத்தைக் கண்டு வியக்கிறோம்.

இந்தக் காலத்தில்தான் அவர் திரையின் மறுபக்கம் திரும்பினார். கறுப்பனின் குறை என்ன என்றே எல்லோரும் ஆராய்கிறார்களே, வெள்ளையன் தன்னை வெள்ளையன் என்று எண்ணிக் கொள்கிறானே, அந்த எண்ணம் எப்போது பிறந்தது? 1910இல் எழுதி, 1920இல் திருத்தி நூலில் சேர்த்த ஒரு கட்டுரையில் அவர் காட்டிய விடை இது: பழங்காலத்தார் தோலின் நிறத்தைப் பெரிதாக எண்ணியதில்லை, வெண்தோல் ஒரு பெருமை, உலகையே உடைமையாக்கிக் கொள்ளும் உரிமைச் சீட்டு என்ற எண்ணம் மிக அண்மையில் வந்தது.

வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் அது எப்படி வந்தது என்பது தெரிகிறது. 1676ஆம் ஆண்டு, வர்ஜீனியா குடியேற்றப் பகுதியில் பேக்கன் என்பவர் தலைமையில் ஒரு கலகம். அதில் ஐரோப்பியக் கொத்தடிமையும் ஆப்பிரிக்க அடிமையும் தோளோடு தோள் நின்றனர். கலகத்தின் நோக்கம் தூயதன்று. செவ்விந்தியரின் நிலத்தைப் பறிக்கும் ஆசையும் அதில் இருந்தது. ஆயினும் ஏழையும் ஏழையும் ஒன்று சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைப் பண்ணையார்கள் கண்டுகொண்டனர். கண்டவர்கள் சும்மா இருப்பார்களா? 1691இல் வெள்ளையர் மற்ற நிறத்தாரை மணக்கத் தடை. 1705இல் ஒரு பெருஞ் சட்டம். வெள்ளை ஊழியனை ஆடை களைந்து அடிக்க வேண்டுமானால் நீதிபதியின் ஆணை வேண்டும். ஒப்பந்தக் காலம் முடிந்தால் அவனுக்குத் தானியமும் காசும் ஒரு துப்பாக்கியும் தரவேண்டும். கறுப்பனுக்கோ, வெள்ளையன்மீது கை ஓங்கினாலே கசையடி!

கவனியுங்கள்! பண்ணையார் தம் நிலத்தில் பாதியை ஏழை வெள்ளையனுக்குத் தரவில்லை. ஒரு துப்பாக்கி தந்தனர். முதுகில் சட்டை தந்தனர். கூடவே ஒரு பெயர் தந்தனர். வெள்ளை எனும் கூலியில் அது முன்பணம்!

குடியரசு பிறந்தது. மக்கள் யாவரும் சமம் என்று முழங்கிப் பிறந்த குடியரசு! 1790இல் அது போட்ட குடியுரிமைச் சட்டமோ, வெளிநாட்டிலிருந்து வருவோரில் சுதந்தரமான வெள்ளையர் மட்டுமே குடிமகனாகலாம் என்றது. 1870இல் ஆப்பிரிக்க வழியினர்க்கும் கதவு திறந்தது. ஆசியர்க்குத் திறக்கவில்லை. 1922இல் தகாவோ ஒசாவா என்னும் ஜப்பானியர் உச்ச நீதிமன்றம் சென்றார். என் தோலும் வெளுப்புத்தானே என்பது அவர் வாதங்களுள் ஒன்று. நீதிமன்றம் மறுத்தது. வெள்ளை என்பது தோலன்று, காக்கேசிய இனத்தைக் குறிப்பது என்றது. மூன்றே மாதம் கழித்து, 1923இல், பஞ்சாபிலிருந்து சென்ற சீக்கியர் பகத் சிங் திண்டு வழக்கு வந்தது. அமெரிக்கப் படையில் பணிபுரிந்தவர் அவர். நான் காக்கேசியன், ஆரியன், உயர்சாதியில் பிறந்தவன், ஆகவே வெள்ளையன் என்று வாதாடினார். தாழ்ந்த சாதியோடு கலவாத குருதி எங்கள் குருதி என்றும் அவர் தரப்பில் எடுத்துரைத்தனர்.

நீதிமன்றம் என்ன செய்தது? இன ஆராய்ச்சியாளர் என்ன சொன்னால் என்ன, சாதாரண மனிதன் யாரை வெள்ளையன் என்று எண்ணுகிறானோ அவனே வெள்ளையன், நீ அல்ல என்றது! நேற்றுத் தோலன்று, இனம் என்றார்கள். இன்று இனமன்று, பார்ப்பவன் கண் என்கிறார்கள்! திண்டுக்குக் கொடுத்திருந்த குடியுரிமை பறிபோயிற்று. அவரைப் போன்ற இந்தியர் பலருக்கும் பறிபோயிற்று. பிறப்பால் உயர்ந்தோம் என்று இங்கே சிலர் சுமந்து திரிந்த பெருமை, அங்கே சுங்கச் சாவடியைக்கூடத் தாண்டவில்லை. திண்டுக்கு நேர்ந்தது அநீதி; அதில் ஐயமில்லை. ஆனால் அவர் வாதத்தை எண்ணிப் பாருங்கள். வேலி கூடாது என்றா கேட்டார்? வேலிக்குள் எனக்கும் ஓர் இடம் என்றல்லவா கேட்டார்! வேலி போட்டவன் சிரித்தான்.

சட்டம் இருக்கட்டும், ஆலைக்கு வருவோம்.

1917ஆம் ஆண்டு, இல்லினாய் மாநிலத்தில் கிழக்கு செயின்ட் லூயிஸ் நகரம். இறைச்சிக் கூடங்களும் அலுமினியத் தொழிற்சாலையும் நிறைந்த ஊர். போர்க்காலம். தெற்கின் கொடுமை தாளாமல் கறுப்பர்கள் வேலை தேடி வடக்கே வந்தனர். அலுமினியத் தொழிற்சாலையில் வெள்ளைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர், தோற்றனர். தோல்விக்குப் பொறுப்பு யார்? வேலைநிறுத்தத்தை முறியடித்த முதலாளியா? இல்லை, பசியோடு வந்து வாயிலில் நின்ற கறுப்பன் என்றனர்! சங்கத்தில் அவனைச் சேர்த்திருந்தால் அவனும் கொடி பிடித்திருப்பான். சேர்க்கவில்லை. சங்கத் தலைவர்கள் மேயரிடம் சென்று, கறுப்பர் வரவைத் தடுக்கச் சொல்லி முறையிட்டனர். ஜூலை 2ஆம் நாள் கூட்டம் திரண்டது. அது போன திசை முதலாளியின் மாளிகை அன்று, கறுப்பரின் குடிசை! தீ வைத்தனர், தீக்கு அஞ்சி வெளியே ஓடி வந்தோரைச் சுட்டனர். அரசின் கணக்கில் இறந்த கறுப்பர் 39 பேர், வெள்ளையர் 9 பேர். உண்மை எண்ணிக்கை இன்னும் அதிகம் என்றே பலரும் கருதினர். ஏறத்தாழ ஆறாயிரம் கறுப்பர் வீடிழந்தனர்.

டுபாய்ஸ் அந்த ஊருக்கு நேரில் சென்றார். சாம்பலில் நடந்தார், காயம்பட்டோரைக் கண்டார், கேட்டதையெல்லாம் ஏட்டில் வெளியிட்டார். அதே ஜூலை 28ஆம் நாள் நியூயார்க் நகரின் ஐந்தாம் அவென்யூவில் ஏறத்தாழ பத்தாயிரம் கறுப்பு மக்கள் ஊர்வலம் சென்றனர். முழக்கமில்லை, பாட்டில்லை, முரசின் ஒலி மட்டும். முன்வரிசையில் நடந்தோருள் டுபாய்ஸும் ஒருவர்.

ஊர்வலம் முடிந்தது, கேள்வி முடியவில்லை. உழைப்பவன் ஏன் உழைப்பவனைக் கொல்கிறான்? முதலாளி ஏமாற்றினான் என்று சொல்லிவிட்டால் போதுமா? ஏமாறுவதில் ஏமாறுபவனுக்கும் ஏதோ ஒரு சுவை இருக்கவேண்டுமே! பதினெட்டு ஆண்டு கழித்து, 1935இல், தமது 67ஆம் வயதில், எழுநூறு பக்கத்துக்கு மேற்பட்ட ஒரு நூலில் விடை சொன்னார் டுபாய்ஸ். உள்நாட்டுப் போரும் அதன் பின் நடந்த புனரமைப்பும், 1860 முதல் 1880 வரை உள்ள வரலாறு, அந்த நூலின் பொருள்.

அந்தக் காலத்தைப் பற்றி அமெரிக்கப் பள்ளிகளில் ஒரு கதை சொல்லிக் கொடுத்து வந்தனர். கறுப்பன் கையில் வாக்குச் சீட்டு கொடுத்தார்கள், நாடு குட்டிச்சுவராயிற்று என்ற கதை. பெரும் பேராசிரியர்கள் அதை எழுதினர். திரைப்படமும் அதைக் காட்டிற்று. டுபாய்ஸ் அந்தக் கதையைப் பிய்த்தெறிந்தார். நாற்பது லட்சம் அடிமைகளுள் பல லட்சம் பேர் போரின்போது பண்ணையை விட்டு நடந்தனர். அறிவிப்பு இல்லை, சங்கம் இல்லை, நோட்டீசு இல்லை. கருவியைக் கீழே போட்டுவிட்டு நடந்தனர். அது ஒரு பொது வேலைநிறுத்தம் என்றார் அவர். ஏறத்தாழ இரண்டு லட்சம் கறுப்பர் வடக்குப் படையில் சேர்ந்து போரிட்டனர். அடிமையை யாரும் பிச்சையாக விடுவிக்கவில்லை. அவன் தன் விடுதலையில் தானே பங்கு கொண்டான். வாக்குரிமை வந்ததும் அவன் முதலில் கேட்டவற்றுள் ஒன்று பள்ளிக்கூடம். தெற்கு மாநிலங்களில் எல்லோர்க்கும் பொதுப் பள்ளி ஏற்பட்டது அந்த ஆட்சிகளால்தான். ஏழை வெள்ளையனின் பிள்ளைக்கும் சேர்த்துத்தான்!

அப்படியானால் ஏழை வெள்ளையன் கறுப்பனோடு கை கோத்திருக்க வேண்டாமா? போருக்கு முன்பே, அடிமை மாநிலங்களில் நான்கு வெள்ளைக் குடும்பங்களில் மூன்றுக்கு ஓர் அடிமைகூடச் சொந்தமில்லை. அந்த மூன்று குடும்பத்தின் நலனும் கறுப்பனின் நலனும் ஒன்றல்லவா? ஒன்றுதான். ஆனால் கை கோக்கவில்லை. இங்கேதான் டுபாய்ஸ் கூலிக் கணக்கை எடுத்தார்.

தெற்கு வெள்ளைத் தொழிலாளிக்குக் கிடைத்த காசு குறைவு. ஆனால் காசு குறைந்த இடத்தில் வேறொன்றை நிரப்பினர். ரயிலில் ஏறினால் அவனுக்கு நல்ல பெட்டி. பூங்காவில் அவனுக்கு இருக்கை. அவன் பிள்ளைக்குக் கறுப்பன் பிள்ளையைவிடச் செலவு கூடிய பள்ளி. போலீசில் அவன் உறவினன். நீதிமன்றத்தில் அவனுக்கு இளகிய தீர்ப்பு. தெருவில் எதிரே வரும் கறுப்பன், வயதில் மூத்தவனாயினும், படித்தவனாயினும், தொப்பியைக் கழற்றி ஒதுங்கி நிற்பான். கிழிந்த காலணியோடு வீடு திரும்பும் கூலிக்காரன், அந்த ஒரு நொடி பண்ணையாருக்கு உறவினனாகிறான்! அந்த நொடியே கூலி. மனத்துக்குக் கொடுக்கும் கூலி; பொதுவிடத்தில் கொடுக்கும் கூலி. அதை வாங்கியவன் வயிற்றுக்குக் கேட்க மறந்தான்.

விளைவு? வெள்ளையன் கூலி உயர்வு கேட்டால், வெளியே கறுப்பன் காத்திருக்கிறான் என்றான் முதலாளி. கறுப்பன் கேட்டால், கும்பல் காத்திருக்கிறது என்றான். இருவர் கூலியும் தாழ்ந்தே கிடந்தது. 1877இல் புனரமைப்பு ஆட்சி முடிந்தது. 1890 முதல் தெற்கு மாநிலங்கள் ஒவ்வொன்றாகக் கறுப்பனின் வாக்கைப் பறிக்க வாக்கு வரியும் எழுத்தறிவுத் தேர்வும் கொண்டு வந்தன. பறிபோனது கறுப்பன் வாக்கு மட்டுமா? வரி கட்ட வகையற்ற ஏழை வெள்ளையர் பலரின் வாக்கும் சேர்ந்தே போயிற்று! வெள்ளை என்ற பெயர் அவன் கையில் மிஞ்சிற்று. வாக்குச் சீட்டு மிஞ்சவில்லை.

டுபாய்ஸ் தவறே செய்யாதவர் என்று நாம் சொல்ல வரவில்லை. 1918இல், போர் முடியும்வரை குறைகளை ஒதுக்கி வைத்து அரசோடு நிற்போம் என்று எழுதினார். போரிலிருந்து திரும்பிய கறுப்பு வீரர்களை, சீருடையோடு கண்டபோதும், வெள்ளைக் கும்பல்கள் தாக்கின. அந்த எழுத்துக்காக அவர் கண்டனம் கேட்க நேர்ந்தது. பிற்காலத்தில் ஸ்டாலினின் கொடுமைகளைக் காண மறுத்துப் புகழ்ந்தார். நிறத்தின் கொடுமையை ஆழ்ந்து பார்த்த கண், அதிகாரத்தின் கொடுமையை அங்கே பார்க்கவில்லை. குறை குறைதான், மறைக்க நாம் விரும்பவில்லை. ஆனால் அவர் தம் வாழ்நாளில் ஒரு போதும் வசதிக்காக வாய் மூடியதில்லை என்பதும் உண்மை.

1946இல் அவர் மேசைக்கு நம் நாட்டிலிருந்து ஒரு கடிதம் சென்றது. எழுதியவர் டாக்டர் அம்பேத்கர். இளமையில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தவர் அவர். கறுப்பர் நிலையும் தீண்டப்படாதார் நிலையும் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று எடுத்துரைத்து, ஐக்கிய நாடுகள் மன்றத்துக்குக் கறுப்பர்கள் அனுப்பிய மனுவின் படியைக் கேட்டிருந்தார். அவர் பெயரை அறிந்திருப்பதாகவும், இந்தியத் தீண்டப்படாதார்பால் பரிவு கொண்டிருப்பதாகவும் மறுமொழி எழுதினார் டுபாய்ஸ். இரு பெரியார், இரு கடல் நடுவே, நோய் ஒன்று! அடுத்த ஆண்டு, 1947இல், கறுப்பர்க்கு இழைத்த அநீதிகளைத் தொகுத்து டுபாய்ஸே ஒரு மனுவை உருவாக்கி ஐக்கிய நாடுகள் மன்றத்தின் முன் வைக்கச் செய்தார். அதற்கு அடுத்த ஆண்டு, தாம் வளர்த்த சங்கமே அவரைப் பணியிலிருந்து நீக்கியது.

1951இல், 82ஆம் வயதில், அவர் கைகளில் விலங்கு பூட்டினர்! என்ன குற்றம்? அணுகுண்டைத் தடை செய்க என்று கையெழுத்து வாங்கிய அமைப்புக்குத் தலைவராக இருந்ததை, அந்நிய நாட்டு ஏவல் என்றது அரசு. அறிவியல் மேதை ஐன்ஸ்டீன் அவருக்காகச் சாட்சி சொல்ல முன்வந்தார். வழக்கில் பொருளில்லை என்று நீதிபதியே விடுவித்தார். விடுவித்தும் என்ன, கடவுச் சீட்டு கொடுக்க மறுத்தனர். 1957இல் கானா நாடு விடுதலை பெற்ற விழாவுக்கு, ஆப்பிரிக்க விடுதலைக்கு அரை நூற்றாண்டு பாடுபட்டவர் போக முடியவில்லை. 1958இல்தான் கதவு திறந்தது. 1961இல், 93ஆம் வயதில், கானாவின் தலைவர் நுக்ருமா அழைக்க, ஆப்பிரிக்கக் கலைக்களஞ்சியம் ஒன்றை உருவாக்க அங்கே சென்றார். 1963இல் கானாவின் குடிமகனானார்.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 27. அக்ரா நகரில், 95ஆம் வயதில், டுபாய்ஸ் கண் மூடினார். மறுநாள் 28. வாஷிங்டன் நகரில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் மக்கள் வேலைக்கும் விடுதலைக்கும் என்று முழங்கித் திரண்டிருந்தனர். மார்ட்டின் லூதர் கிங் பேசிய அதே மேடை, அதே நாள். இறப்புச் செய்தியை மேடையில் அறிவித்தனர். வெயிலில் நின்ற அந்த மாபெரும் கூட்டம் ஒரு கணம் பேச்சடங்கிற்று. கூட்டத்தில் கறுப்பர் இருந்தனர், வெள்ளையரும் இருந்தனர். சில தொழிற்சங்கங்கள் இரு நிறத்தாரையும் ஒரே பதாகையின் கீழ் அழைத்து வந்திருந்தன. கிழக்கு செயின்ட் லூயிஸில் தீப்பந்தம் பிடித்த கூட்டத்தை நேரில் சென்று ஆராய்ந்தவர், இந்தக் கூட்டத்தைக் காண ஒரு நாள் இருந்திருக்கக் கூடாதா என்று எண்ணுகிறோம்.

1964இல் பொது இடங்களில் நிற வேற்றுமை சட்டத்தால் ஒழிந்தது. 1965இல் வாக்குரிமைக்குக் காப்பு வந்தது. 1967இல் நிறம் கடந்த மணத்துக்குப் பதினாறு மாநிலங்களில் அதுவரை இருந்த தடையை உச்ச நீதிமன்றம் நீக்கியது. சட்டம் மாறியது. கூலி வழங்குவது முற்றும் நின்றுவிட்டதா என்று அந்நாட்டு அறிஞர்கள் இன்றும் வாதிடுகின்றனர். வாதிடும்போது 1935ஆம் ஆண்டு நூலைத்தான் புரட்டுகின்றனர்.

தோழர்களே, இது வேற்று நாட்டுக் கதை. வேற்று நாட்டுக் கதைதானா? அம்பேத்கர் எழுதிய கடிதம் பொய்யன்று. இரட்டைக் குவளை வைத்த தேநீர்க் கடைகள் நம் ஊர்களிலும் இருந்தன. அந்தக் கடையில் நல்ல குவளையில் தேநீர் வாங்கிக் குடித்தவன் யார்? மிட்டா மிராசா? இல்லையே! அவனும் அன்றாடக் கூலி. அவன் சட்டையிலும் ஒட்டு. காசு குறைவாகத்தான் கிடைத்தது அவனுக்கு; ஆனால் குவளை தனியாகக் கிடைத்தது. குவளையைப் பார்த்தான், காசை எண்ண மறந்தான்.

பிறரைச் சுட்டிக் கூறுவது எளிது. நாம் நம்மையே கேட்கச் சொல்கிறோம். சனிக்கிழமை கூலி வாங்கும்போது உறையைக் கவிழ்த்துப் பாருங்கள். நோட்டும் சில்லறையும் விழும். அவற்றோடு, எனக்குக் கீழே இன்னொருவன் இருக்கிறான் என்னும் நினைப்பும் விழுகிறதா? விழுந்தால், அதை எடுத்துச் சென்று அரிசிக் கடையில் நீட்டிப் பாருங்கள்.